குழந்தை வரைந்ததை யார் பார்த்தார்கள்? 2007-இன் இரண்டு சினிமாக்கள்

தமிழில் ஒரு சங்கடம். சினிமாவும் படம்தான், குழந்தை நோட்டில் வரைவதும் படம்தான். இந்தக் கட்டுரையில் இரண்டைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், திரையில் ஓடுவதை சினிமா என்றும் பேப்பரில் இருப்பதைப் படம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாலாவது பத்தியில் எனக்கே குழம்பிவிடும்.

2007-ஆம் ஆண்டு, வரையும் குழந்தையையும் அதன் குடும்பத்தையும் பற்றி இரண்டு சினிமாக்கள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: ஆமிர் கான் இயக்கிய ‘தாரே ஜமீன் பர்’. அமோல் குப்தே எழுதியது, டிசம்பரில் வெளியானது. இன்னொன்று நம்ம பக்கம் அதிகம் பேர் பார்க்காதது: அமீர் பார்-லெவ் எடுத்த ‘மை கிட் குட் பெயின்ட் தட்’ என்கிற அமெரிக்க ஆவணப்படம். ‘இதை என் வீட்டுப் பொடிசே வரைஞ்சிடுமே’ என்று நவீன ஓவியத்தைப் பார்த்து எல்லா ஊரிலும் சொல்கிற அந்தக் கிண்டல்தான் தலைப்பு. முதலாவதில், வரைகிற பையனைக் குடும்பம் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதில், வரைகிற பெண்ணைக் குடும்பமும் ஊரும் நாடும் சேர்ந்து கண் கொட்டாமல் பார்க்கின்றன. இரண்டு குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் வாசிப்பு. அது எந்த இடம், அதிலிருந்து இந்த சினிமாக்களாவது தப்பித்தனவா என்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த கதை. இஷான் அவஸ்தி, எட்டு வயது, மூன்றாம் வகுப்பில் இரண்டாவது முறை. எழுத்துகள் அவன் கண்ணுக்கு நடனமாடுகின்றன. அவனுக்கு டிஸ்லெக்சியா. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் மதிப்பெண். அண்ணன் வகுப்பில் முதல். அம்மா அன்பானவர், பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தருகிறார். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். பையன் வரைந்துகொண்டே இருக்கிறான். அவன் படங்கள் வீட்டில் எங்கும் கிடக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்த வீட்டில் அவன் வரைவதை யாரும் தடுக்கவில்லை. கலர் வாங்கித் தந்திருக்கிறார்கள், பேப்பர் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. நம் ஊரில் ‘நாங்க அவளை எதுக்கும் தடுத்ததில்லையே’ என்று பெற்றோர் சொல்வார்களே, அந்த அளவுகோலின்படி இஷானின் அம்மா அப்பா பாஸ்தான். ஆனால் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன், தன் நோட்டின் ஓரத்தில் பக்கம் பக்கமாக அவன் ஒரு சின்னக் கதையை வரைந்து வைத்திருக்கிறான். வேகமாகப் புரட்டினால் உருவங்கள் நகரும். குடும்பமாக நிற்பவர்களிடமிருந்து ஒரு சின்ன உருவம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. அதைப் புரட்டிப் பார்த்து அது என்னவென்று புரிந்துகொள்ள ஓர் ஓவிய ஆசிரியர் வெளியூரிலிருந்து அந்த வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

சினிமா முழுக்க எனக்குப் பிடித்த காட்சி அதுதான். ஆசிரியர் நிகும்ப் அந்த வீட்டில் செய்வது ரொம்ப சாதாரணமான ஒரு காரியம். பையன் வரைந்ததை எடுத்து, ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்க்கிறார். ‘சூப்பர்’ என்று சொல்லவில்லை. இதில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார். பிறகு அப்பாவிடம் புரியாத எழுத்து அச்சிட்ட ஒரு பெட்டியைக் கொடுத்து, படியுங்கள் என்கிறார். அவர் முடியாதென்றதும், முயற்சி பண்ணுங்க, வேணும்னே அடம்பிடிக்கிறீங்க என்று திருப்பியடிக்கிறார். இந்தப் பெட்டிக் காட்சிக்குத்தான் தியேட்டரில் கைதட்டல் விழுந்திருக்கும். நியாயமாக அந்த நோட்டுப் புரட்டலுக்கு விழுந்திருக்க வேண்டியது.

சரி, அதற்குப் பிறகு சினிமா என்ன செய்கிறது? நிகும்ப் பையனுக்கு எழுத்துகளைச் சொல்லித்தருகிறார். மணலில், களிமண்ணில், வண்ணத்தில். அழகான காட்சிகள். டிஸ்லெக்சியா என்ற சொல்லை நிறைய இந்தியப் பெற்றோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்த சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் கவனித்தவரை, ஓவிய ஆசிரியரான நிகும்ப் அந்தப் பையனுக்கு ஓவியம் சொல்லித்தருகிற காட்சி என்று ஒன்றுமே இல்லை. நிறத்தை எப்படிக் கலப்பது, தூரத்தில் இருப்பதை எப்படிக் காட்டுவது, எங்கே நிறுத்துவது, எதுவும் கிடையாது. ஓவியம் இங்கே படிப்புக்கு ஒரு ஏணி. அது போக, பையன் சும்மா இல்லை என்பதற்கான அத்தாட்சி.

அந்த அத்தாட்சிதான் சிக்கல். நடுவில் நிகும்ப் ஒரு இடத்தில் பெற்றோரின் போட்டி மனப்பான்மையைப் பற்றிக் கொதிக்கிறார்: பந்தயம் விடத்தான் ஆசை என்றால் குதிரை வளர்த்துக்கொள்ள வேண்டியதுதானே, பிள்ளை எதற்கு என்கிற பொருளில். பார்க்கிற நாமும் தலையாட்டுகிறோம். அதே நிகும்ப் கடைசியில் என்ன ஏற்பாடு செய்கிறார்? ஓவியப் போட்டி! நடுவர் உண்டு. ஓவியர் லலிதா லாஜ்மியே நேரில் வந்து அமர்கிறார். முதல் பரிசு உண்டு. பையனுக்கும் ஆசிரியருக்கும் நெருக்கமான மோதல், பையன் ஜெயிக்கிறான். அவன் வரைந்த குளம் பள்ளி ஆண்டு மலரின் முன்னட்டை. ஆசிரியர் வரைந்த பையனின் முகம் பின்னட்டை. அப்பா அம்மா வந்து அட்டையைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

ஆக, நோட்டில் விலகிப்போன அந்தக் குட்டி உருவத்தைக் காணாத அதே அப்பா, அச்சான அட்டையைக் கண்டதும் கலங்குகிறார். பையன் ஓடியது வேறு மைதானம், அவ்வளவுதான். பந்தயம் நிற்கவில்லை. கணக்கில் முதல் வந்த அண்ணனுக்கு வீட்டில் எந்த நாணயத்தில் மதிப்புக் கிடைத்ததோ, அதே நாணயத்தில் இப்போது தம்பிக்கும் கிடைக்கிறது. இரண்டாம் பரிசு வாங்கியிருந்தால்? ஒன்றுமே வாங்காமல், ஆனால் காலையில் எழுந்து தனியாகக் குளத்தங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து அந்தப் படத்தை வரைந்திருந்தால்? அந்தப் பையனைப் பற்றி என்ன சொல்வது என்று சினிமாவுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு, நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: வெகுஜன சினிமாவுக்கு ஒரு உச்சக்காட்சி வேண்டாமா, பரிசு இல்லாமல் எப்படி முடிப்பது? வேண்டும்தான். ஆனால் உச்சக்காட்சி ஏற்கெனவே அங்கே இருக்கிறது! போட்டி என்ற பெயரில் நடக்கும் அந்த நாளின் முதல் பாதியைப் பாருங்கள். ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோரும் திறந்தவெளிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து வண்ணத்தைப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். முறைத்த முகங்கள் எல்லாம் தங்கள் அசட்டுப் படங்களைப் பார்த்துத் தாங்களே சிரிக்கின்றன. இஷான் தாமதமாக வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்து வரைகிறான். அந்தப் பத்து நிமிடத்தில் பரிசுக்கு ஒரு வேலையும் இல்லை. முடிவு அறிவிப்பதற்கு முன்னாலேயே வெட்டியிருந்தால் சினிமா தான் சொல்ல வந்ததற்கு உண்மையாக இருந்திருக்கும்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்கிற நடுத்தர ஊர். மார்லா ஓம்ஸ்டெட் என்கிற பெண் குழந்தை. அப்பா மார்க், சிப்ஸ் தயாரிக்கும் ஆலையில் இரவு நேர மேலாளர். ஓய்வு நேரத்தில் ஓவியம் வரைபவர். அம்மா லாரா, பல் மருத்துவரிடம் உதவியாளர். அப்பா வரைந்துகொண்டிருக்கும்போது, இரண்டு வயதுகூட நிரம்பாத மகளின் தொந்தரவு தாங்காமல் அவள் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுக்கிறார். இதுவரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பிறகு, தெரிந்தவருடைய காபிக்கடைச் சுவரில் அவள் படங்கள் தொங்குகின்றன. யாரோ விலை கேட்கிறார்கள். ஊரில் ஓவியக்கூடம் நடத்தும் ஆன்டனி புரூனெல்லி என்ற ஓவியர் கண்காட்சி வைக்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையாளர் எலிசபெத் கோஹன் எழுதுகிறார். 2004-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதுகிறது. அப்புறம் கேட்க வேண்டுமா, நான்கு வயதுக் குழந்தையின் அரூப ஓவியங்களுக்கு வரிசை கட்டி ஆள் நிற்கிறது. மொத்த விற்பனை மூன்று லட்சம் டாலர் வரை போனதாகக் கணக்கு.

2005 பிப்ரவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதை எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் சம்மதத்துடன் வீட்டில் கேமரா வைத்து, அவள் வரைவதைப் பதிவு செய்கிறார்கள். குழந்தைகளின் கலைத்திறன் பற்றி ஆய்வு செய்யும் உளவியலாளர் எலன் வின்னர் அதைப் பார்த்துவிட்டு, சாதாரணக் குழந்தை வரைவதிலிருந்து வேறுபட்ட எதையும் நான் இதில் காணவில்லை என்கிறார். பதிவில் அப்பா அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் கேட்கிறது. அவ்வளவுதான், விற்பனை படுத்தது, வசைக் கடிதங்கள் குவிந்தன. பெற்றோர் மறுத்தார்கள். அவள் ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை வரைவதைத் தாங்களே பதிவு செய்து வெளியிட்டார்கள். ‘ஓஷன்’ என்ற அந்தப் படத்தை நம்பியவர்கள் உண்டு. இது பழைய படங்களைப் போல இல்லையே என்றவர்களும் உண்டு. அப்பா கை வைத்தாரா இல்லையா என்பதற்குக் கடைசிவரை முடிவான விடை இல்லை. எனக்கும் அந்தத் தீர்ப்பில் அக்கறை இல்லை.

அக்கறை வேறு இடத்தில். சந்தேகம் வந்ததும் அந்தப் படங்களின் மதிப்பு சரிந்தது, இல்லையா? கேன்வாஸில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நேற்று ‘என்ன நிறம், என்ன துணிச்சல்’ என்று வியந்தவர்கள் இன்று அதே நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அப்படியென்றால் நேற்றும் அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த வயதைப் பார்த்தார்கள். அவளுடைய படம் ஒன்றுக்கு ‘ஓட் டு போலாக்’ என்று தலைப்பு. ஜாக்சன் போலாக்குக்குச் சூட்டிய பாமாலையாம். நான்கு வயதுக் குழந்தை போலாக்கைப் பாடித் தொழுகிறது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைப்பில் பேசுவது பெரியவர்களின் ஆசை.

அம்மா லாரா ஆரம்பத்திலிருந்தே இந்தக் கூத்தில் தயக்கத்தோடு இருப்பது சினிமாவில் தெரிகிறது. அப்பாவின் உற்சாகமும் தெரிகிறது. வெறும் பணத்தாசை என்று அதைத் தள்ளிவிட முடியாது. தானும் வரைகிற ஒருவர், தன் மகளுக்கு ஊரே கைதட்டுவதைப் பார்க்கிறார். எந்த அப்பாவுக்கும் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். இயக்குநர் பார்-லெவ் முதலில் குடும்பத்தின் நண்பராகத்தான் உள்ளே போகிறார். நடுவில் அவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. தன் கேமரா முன்னால் அவள் அந்த மாதிரி ஒரு படத்தை வரையவே இல்லையே என்று கடைசியில் வரவேற்பறையில் உட்கார்ந்து பெற்றோரிடம் கேட்கிறார். லாரா அழுதுகொண்டே, இது உங்களுக்கு நல்ல காட்சியாக அமைந்துவிட்டது என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். அந்த வார்த்தைக்கு இயக்குநரிடம் பதில் இல்லை. அதை வெட்டாமல் வைத்தது அவருடைய நேர்மை. ஆனாலும் அவரும்கூட அந்தக் குழந்தையிடம் போய் நின்றது ஆதாரம் கேட்டுத்தான். ஓவியக்கூடம் கேட்டது, தொலைக்காட்சி கேட்டது, அவரும் கேட்டார். ஒரு நாலு வயசுக் குழந்தை சும்மா பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, ‘நான்தான் வரைந்தேன்’ என்று நிரூபிக்கிற வேலைக்கு வந்துவிட்டது.

இஷானுக்கும் அதே வேலைதான் கொடுக்கப்பட்டது. ‘நான் முட்டாள் இல்லை’ என்று நிரூபிக்கிற வேலை. நான் முதலில் சொன்ன ஒரே இடம் இதுதான்.

இதற்கு ஒரு பரிசோதனை உண்டு, இந்த விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் செய்தது. ஏற்கெனவே தாங்களாகவே வரைவதில் ஆர்வமுள்ள குழந்தைகளாகப் பார்த்து 51 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குழுக்கள். முதல் குழுவிடம், மார்க்கர் பேனாவில் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த ஒரு சர்டிஃபிகேட் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். இரண்டாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை, வரைந்த பிறகு திடீரென்று அதே சர்டிஃபிகேட்டைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே மார்க்கர்களை வகுப்பறையில் மேஜை மேல் போட்டுவிட்டு, யார் எவ்வளவு நேரம் தானாக வந்து வரைகிறார்கள் என்று ஒளிந்திருந்து அளந்தார்கள்.

ஒன்றுமே வாங்காத குழந்தைகள் தங்கள் விளையாட்டு நேரத்தில் 16.73 சதவீதம் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்கள் 18.09 சதவீதம். முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டவர்கள் 8.59 சதவீதம். பாதி! இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சர்டிஃபிகேட்டுக்காக வரைந்த குழந்தைகள் அந்த நேரத்தில் அதிகப் படங்கள் வரைந்தார்கள், ஆனால் தரத்தில் அவை மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு விதி சொல்வார்கள், குட்ஹார்ட் விதி. அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது. டெஸ்ட் கவரேஜ் 90 சதவீதம் வேண்டும் என்று மேலிடம் சொன்னால் 90 சதவீதம் வந்துவிடும். எதையும் சோதிக்காத டெஸ்ட்டுகளாக வரும். மழலையர் பள்ளியிலிருந்து மென்பொருள் நிறுவனம் வரை மனித மூளை ஒன்றுதான் போல.

51 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கை, ஒரே ஒரு பள்ளி. அந்த ஆட்சேபணை சரியானது. அதனால்தான் பிறகு வந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கணும். 1994-இல் கேமரன், பியர்ஸ் என்ற இருவர் ஆய்வுகளைத் தொகுத்து, பரிசின் கெடுதல் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று வாதிட்டார்கள். 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 பரிசோதனைகளைத் தொகுத்து அதை மறுத்தார்கள். கையில் கிடைக்கும், முன்கூட்டியே எதிர்பார்க்கப்படும் பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவு கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம். வாய்வார்த்தைப் பாராட்டு ஆர்வத்தைக் கூட்டுகிறது. ஆனால் அந்த நன்மை குழந்தைகளிடம் கல்லூரி மாணவர்கள் அளவுக்கு இல்லை. கடைசி வரி நம் காலத்துப் பெற்றோருக்குக் கொஞ்சம் கசக்கும். பரிசுதானே கூடாது, ‘வாவ், சூப்பர், ஆசம்’ சொல்லலாமே என்று நினைப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல் தரவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் சனிக்கிழமை டிராயிங் கிளாஸ் ஒன்று நடக்கிறது. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ஏழு மாதம் போனாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மெடல், சர்டிஃபிகேட், வாட்ஸாப் குரூப்பில் போட்டோ. வெளியே ஒரு போட்டிக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர் சொன்னபோது, தலைப்பு ‘பசுமை பூமி’ என்றார்கள். ஆறு வாரம் ஒரே படத்தைப் பயிற்சி எடுத்தார்கள். இரண்டு கைகள், நடுவில் உலக உருண்டை, மேலே ஒரு செடி. அந்த வகுப்பில் இருந்த பதினோரு குழந்தைகளும் அதே இரண்டு கைகளைத்தான் வரைந்தார்கள். அந்த ஆறு வாரத்தில் அவள் வீட்டில் தானாக வரைந்த படங்கள் என்று பார்த்தால் இரண்டு. அதற்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு பென்சில் தீரும். இது பரிசோதனை கிடையாது, ஒப்பிட வேறு குழு கிடையாது, ஒரு வீட்டுக் கணக்கு. ஆனாலும் 8.59 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணாக இருக்கவில்லை.

ஆசிரியரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. மெடல் இல்லாவிட்டால் அடுத்த மாதம் பெற்றோர் பணம் கட்ட மாட்டார்கள். நாம் கேட்பதைத்தான் அவர் விற்கிறார்.

‘அப்ப ஊக்கமே கொடுக்கக் கூடாதா?’ என்று கேட்டால், நம்ம பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கொச்சியைச் சேர்ந்த எட்மண்ட் தாமஸ் கிளின்ட். 1976-இல் பிறந்து, சிறுநீரக நோயால் 1983-இல், ஏழு வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்த குழந்தை. அப்பா ஜோசப், அம்மா சின்னம்மா. அவன் வரைந்தவை 25,000-க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. இதில் எனக்குள் இருக்கும் இன்ஜினியர் உடனே கால்குலேட்டரை எடுத்துவிடுவான். இரண்டு வயதில் தொடங்கினான் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டு, சுமார் 1,800 நாள். ஒரு நாளைக்குப் பதினான்கு. நம்ப முடியாத எண் போலத் தோன்றும். ஆனால் சின்னக் குழந்தை கையில் சாக்பீஸ் கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் பத்துக் கிறுக்கிவிடும், கிறுக்கல்களும் எண்ணிக்கையில் சேரும் என்றால் நடக்கக்கூடியதுதான்.

என்னை யோசிக்க வைப்பது எண்ணிக்கையின் மறுபக்கம். ஒரு வீட்டில் ஆயிரக்கணக்கில் படம் விழுகிறது என்றால் அத்தனைக்கும் பேப்பரும் கலரும் யாரோ தொடர்ந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நோயாளிக் குழந்தையை வைத்துக்கொண்டு. வரைந்ததை எறியாமல் எடுத்தும் வைத்திருக்கிறார்கள். அவன் போன பிறகும் காப்பாற்றினார்கள், அதனால்தான் இன்று நாம் அவன் வரைந்த தெய்யத்தைப் பார்க்கிறோம். கிளின்ட்டும் பரிசு வாங்கியவன்தான். ஐந்து வயதில், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான போட்டியில் முதல் பரிசு. ஆனால் அவன் வரைந்தது பரிசுக்கு முன்பே, பரிசு இல்லாமலே. லெப்பரின் இரண்டாவது குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எலன் வின்னர் இந்த மாதிரிக் குழந்தைகளிடம் காணப்படுவதை ஒருவித வெறி என்றே சொல்கிறார், ஒன்றைக் கைவசப்படுத்தியே தீருவேன் என்கிற வெறி. பெற்றோரால் அதை உண்டாக்க முடியாது. பேப்பர் வாங்கிப் போட முடியும்.

ஒரு நுணுக்கம் விட்டுப்போகக் கூடாது. வயது. குழந்தைகள் வரைவதைப் படிநிலைகளாகப் பிரித்து விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் ஒரு புத்தகம் எழுதினார், ஓவிய ஆசிரியர்கள் இன்றும் படிப்பது. நான்கு வயதுவரை கிறுக்கல். ஏழுக்கு மேல், மனிதன் என்றால் இப்படி, மரம் என்றால் இப்படி என்று தனக்கென ஒரு அச்சு. ஒன்பது வாக்கில் அந்த அச்சு போதாமல் போகிறது. கண்ணால் பார்ப்பது மாதிரி வரவில்லையே என்று குழந்தைக்கே தெரிய ஆரம்பிக்கிறது. ‘எனக்கு வரைய வராது’ என்ற வாக்கியத்தைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கேட்கிறோம். மூன்று வயதில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இதை வைத்து இரண்டு சினிமாக்களையும் திரும்பப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நான்கு வயது மார்லாவுக்குத் தேவை பெயின்ட்டும் ஒரு பழைய துணியும்தான். அவளுக்கு ஓவியக்கூடம், தலைப்பு, கேன்வாஸ், பத்திரிகை எல்லாம் கிடைத்தது. எட்டு ஒன்பது வயதில் நிற்கும் இஷானுக்குத்தான் தொழில் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தண்ணீரை இப்படிக் காட்டலாம் பார் என்று சொல்ல வேண்டிய நேரம். அதற்கென்றே ஒரு ஓவிய ஆசிரியர் கதைக்குள் இருக்கிறார். அவரை எழுத்து சொல்லிக்கொடுக்க அனுப்பிவிட்டு, ஓவியம் மட்டும் தானாக அருவி மாதிரிக் கொட்டும் என்று சினிமா நம்புகிறது. உண்மையில் திரையில் நாம் பார்க்கும் இஷானின் படங்களுக்குப் பின்னால் சமீர் மண்டல் என்ற தேர்ந்த நீர்வண்ண ஓவியர் இருக்கிறார். அந்த உழைப்பைக் கதைக்குள் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

என் மகளை அந்தக் கிளாஸிலிருந்து நிறுத்திவிட்டேன். இப்போது ஒன்பதரை வயது, முகம் சரியா வரலைப்பா என்று அழிப்பானைத் தேய்த்துப் பேப்பரைக் கிழிக்கிற பருவம். என் மனைவியின் சித்தப்பா அந்தக் காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். மெடல் கிடையாது. மூக்கைக் கடைசியா போடு கண்ணு, முதல்ல மண்டை எவ்வளவு பெருசுன்னு பாரு என்கிறார். அவள், தாத்தா நீங்க போடுங்க நான் பாக்கறேன் என்கிறாள். அவர் போடுவதில்லை. இது எங்கே போகும் என்பதற்கு என்னிடம் அளவுகோல் எதுவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் போவதில்லை.

இரண்டு சினிமாக்களையும் பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை. ‘தாரே ஜமீன் பர்’ குழந்தைகளோடு பார்க்கலாம், அழுகை வரும், பரவாயில்லை. ‘மை கிட் குட் பெயின்ட் தட்’ குழந்தைகள் தூங்கின பிறகு, கணவனும் மனைவியுமாகப் பாருங்கள். அந்த வரவேற்பறைக் காட்சியில் லாரா எழுந்துபோகும்போது மார்க் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள்.